ஒரு படத்துக்கு நாலு யுவான் எண்பது

ஊஹு,
ஜூன் 21

அன்பு மகள் யாயாவுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே ஆக்லாந்தில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு, காலுறை போட்டுக்கொண்டு, சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, இனிமேல் முடியாது. போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ பயப்படுவாய், பயப்பட வேண்டிய விஷயம்தான். வீட்டில் இருப்பது ஒரே போன், அது பகல் முழுக்க உன் அம்மா கையில்தான், நாம் பேசும்போதும் அவள் என் தோளை இடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள், பிறகு நான் எப்படிப் பேச. தவிர என்னால் குரல் உடையாமல் சொல்லி முடிக்க முடியாது. தபால் நிலையத்தில் கேட்டேன், விரைவுத் தபால் எட்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

உட்கார்ந்துகொண்டு படி. அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மார்ச் மாதம் முதுகு வலிக்கிறது, சோறு இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேனே, அப்போது உன்னிடம் வயிற்றுப்புண் என்று சொன்னேன், அவளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் உள்ளே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, நோயாளியிடம் சொல்வதும் சொல்லாததும் வீட்டார் இஷ்டம் என்றார். யாயா, நம் ஊரில் யார் வீட்டில் நோயாளியிடம் நேரே சொல்கிறார்கள், சொன்னால் அந்தப் பயத்திலேயே ஆள் பாதியாகிவிடும் என்றுதானே எல்லோரும் மறைக்கிறோம், நானும் மறைத்தேன். வலி மாத்திரையைக் காலி விட்டமின் புட்டியில் கொட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மழைக்கோட்டுப் பையில் செருகி, சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தேன். டாக்டர் எத்தனை நாள் சொன்னார் என்று நீ கேட்பாய். மூன்று மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் செப்டம்பர் வரை என்றார். மூன்று மாதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

இப்போது போட்டோ அச்சடிக்கும் கதைக்கு வருகிறேன், இந்த நேரத்தில் அது எதற்கு என்று கோபப்படாதே, எல்லாம் அதில்தான் வெளிப்பட்டது. என்னோடு ஏழாம் நம்பர் பஸ் ஓட்டின ஷியே இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று போய்ச்சேர்ந்தானே, அவன் சாவுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். அவன் வீட்டில் தனியாக ஒரு நல்ல படம் கிடையாது, அவசரத்தில் அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிக் கறுப்பு நாடா கட்டி நடுவில் வைத்துவிட்டார்கள். முகம் பானைபோல, கண் இரண்டும் முழித்துக்கொண்டு, ஜெயிலில் எடுத்த படம் மாதிரி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள், "யோவ் தாவ், என்னை மட்டும் இப்படி மாட்டி வெச்சிராத, செத்தும் நான் முறைச்சுக்கிட்டே இருக்கணுமா?" அன்றைக்கு இருவரும் சிரித்தோம். டாக்டர் வராந்தாவில் பேசி முடித்ததும் என் மண்டையில் முதலில் வந்தது இதுதான், வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. என்னால் நோயை ஒன்றும் செய்ய முடியாது, ஒரு படத்தையாவது ஒழுங்காகத் தயார் செய்வோம் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கே கொடுத்து அச்சடிப்பது? நம் தெருமுனையில் போட்டோக்கடை வைத்திருக்கும் லூவை உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூட அட்டைப் படம் எல்லாம் அவள் எடுத்ததுதான். சாயங்காலம் சதுக்கத்தில் அம்மாவோடு வரிசையில் நின்று நடனமாடுகிறவள். ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு, கறுப்பு வெள்ளையில், சட்டம் போட்டுக் கொடு என்று கேட்டால் அது எதற்கென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பாட்டு முடிவதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். இன்னொரு கடைக்குப் போகலாம் என்றால் நாற்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன், எந்தத் தெருவில் இறங்கினாலும் தாவ் அண்ணே என்று ஒருத்தன் வருகிறான். இணையத்தில் அனுப்பி வரவழைக்கலாம் என்றால் பார்சலைப் பிரித்துப் பார்ப்பது உன் அம்மாதான். அதனால் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்வது என்று முடிவுசெய்து ஆறு நிற மை போடுகிற பிரின்டர் ஒன்றை ஆயிரத்து முந்நூற்று எண்பது யுவானுக்கு வாங்கிவந்தேன். உன் சின்ன வயசுப் படங்களை எல்லாம் எடுத்து ஆல்பம் போடப்போகிறேன், லூ ஒரு படத்துக்கு ஒரு யுவான் பிடுங்குகிறாள், வீட்டில் போட்டால் மிச்சம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியைத் துணியால் துடைத்தாள்.

மிச்சமாவது ஒன்றாவது. காலையில் அவள் சந்தைக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும், உன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். அல்லிக்குளத்தருகே அம்மாவை நான் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு வெள்ளை என்று அமுக்கினால் இந்த மெஷின் எல்லா நிறத்தையும் கலந்து கறுப்பு செய்கிறது போலிருக்கிறது, முகம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக வந்தது. அதைச் சரிசெய்தால் சிவப்பாக வந்தது. இரண்டு நாள் தொடாமல் விட்டால் மை போகும் துளை அடைத்துக்கொண்டு கன்னத்தின் குறுக்கே கோடு கோடாக விழுகிறது, சுத்தம் செய்யச் சொல்லிப் பொத்தானை அமுக்கினால் ஒவ்வொரு தடவையும் மையைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறது. இந்த மழைக்காலத்தில் தாள் வேறு ஈரம் இழுத்து அப்பளம் மாதிரி சுருள்கிறது. ஒரு நாள் நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு பாதி வந்தது, மை தீர்ந்துவிட்டது. அப்புறம் வெறும் வெள்ளைத்தாளாக வெளியே தள்ளியது. யாயா, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்து மூன்று தாள் வீணாயிற்று. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, உயிரோடு இருக்கிறவள் முகத்தை எப்படிக் கிழிப்பது, எரிக்கவும் முடியாது, அது அபசகுனம். எல்லாவற்றையும் உன் பழைய குளிர்கால மெத்தை உறைக்குள் செருகி வைத்தேன்.

போன மாதக் கடைசியில் இரண்டாவது மைப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ரசீதைக் காட்டு என்றாள். பஞ்சாலைக் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவளிடம் ரசீதை மறைக்க முடியுமா, கொடுத்தேன். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். மை நானூற்று அறுபத்தெட்டு, இருநூறு படம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, மெஷின் சுத்தம் செய்கிற சத்தம் சந்தைக்குப் போகிற வழியிலேயே கேட்கிறது, ஆக நூற்று முப்பதுக்கு மேல் வராது, ஒரு படத்துக்கு மூன்று யுவான் அறுபது. தாள் ஒன்று இருபது. மொத்தம் நாலு யுவான் எண்பது, மெஷின் விலையைச் சேர்க்காமல். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "லூ கடைல ஒரு யுவான். இணையத்துல போட்டா நாப்பது காசு, வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறான். நம்ம ஸ்டாப்பு வரைக்கும் வந்தா டிக்கெட் விலை கூடுதுன்னு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறவன் நீ, ஒரே தேயிலைய மூணு நாள் ஊத்திக் குடிக்கிறவன் நீ. அஞ்சு மடங்கு காசு குடுத்து வீட்டுக்குள்ள தாழ்ப்பாள் போட்டு அச்சடிக்கிற அளவுக்கு அது என்ன படம்? லூ பாக்கக்கூடாத படம்?" நான் என்னவோ உளறினேன், தரம், நிறம், பொழுதுபோக்கு என்று. "புதுசா எவளாவது புடிச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் கோணிக்கொண்டு போனது. அப்போது அவள் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "என் படம்தானே?"

நான் அழுதுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு ஏப்ரலிலேயே தெரியும். "விட்டமின் சாப்பிட்டா எவளுக்காவது இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருமாய்யா? மழைக்கோட்ட மடிச்சு வைக்கும்போது சீட்டெல்லாம் பாத்துட்டேன்," என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவு ஆத்திரம். "நீ எனக்குத் தெரியாம மறைக்கிறதுலயே முழு நாளும் ஓடிக்கிட்டிருந்த. அந்த வேலையும் இல்லேன்னா நீ என்ன ஆவியோன்னு விட்டுட்டேன்," என்றாள். இரண்டு மாதம் யாயா, ஒரே மேஜையில் உட்கார்ந்து தாமரைக்கிழங்குக் கஞ்சி குடித்துக்கொண்டு, இவள் அறியாமல் இருக்க வேண்டும் என்று நானும், நான் உடைந்துவிடக் கூடாது என்று அவளும் நடித்திருக்கிறோம். அவள் இரண்டு மாதம் தனியாகப் பயந்துகொண்டிருந்தாள், பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு அது தெரியாமல் போனது. அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. அறிக்கைகளை எடுத்துக்கொண்டு நான்ஜிங்குக்கு இரண்டு தடவை போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தேன், மூலிகைக்காரர் ஒருவரைப் பார்த்தேன், கோயிலுக்குப் போய் ஊதுபத்தி கொளுத்தினேன், வாழ்நாளில் முழங்கால் போட்டதில்லை, போட்டேன். பணம் இருக்கிறது யாயா, உனக்குத் தெரியாது, உன் அப்பன் கஞ்சன் என்று நீயும் அம்மாவும் கேலி செய்து சேர்ந்த பணம் நிறைய இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஒவ்வொரு டாக்டரும் அறிக்கையைப் பார்த்துவிட்டு அதை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது உடம்பு நாற்பத்தொரு கிலோ. சதுக்கத்துக்குப் போகிறாள், ஆடுவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பாக ஆடுவதைத் திட்டுகிறாள். உன்னோடு வீடியோவில் பேசும் நாளில் மட்டும் கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு, மூன்று சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள், நீ ஒரு நாள் அம்மா குண்டாயிட்டியே என்று சொன்னாய், அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் என்னிடம் வாங்கிக்கொண்ட சத்தியம் ஒன்றுதான், உன்னிடம் சொல்லக் கூடாது. உன் குடியுரிமைக் காகிதம் நவம்பரில் வரும், அதற்கு நடுவில் வெளியே போனால் சிக்கல் என்று நீ சொல்லியிருக்கிறாயாம், ஆறு வருடப் பாடு வீணாகிவிடுமாம். "நவம்பர் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள். பஞ்சாலைச் சம்பளப் பட்டியலையே மனதுக்குள் கூட்டினவள், செப்டம்பருக்குப் பிறகுதான் நவம்பர் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறாள். நானும் தலையை ஆட்டினேன், சத்தியம் செய்தேன். இந்தக் கடிதத்தை எழுதும்வரை காப்பாற்றவும் செய்தேன்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலையில் என்னைக் கிளம்பச் சொன்னாள், எங்கே என்று கேட்டால் லூ கடைக்கு என்றாள். "உன் மெஷின் லட்சணத்துக்கு நான் பச்சைப் பாசியா சுவத்துல தொங்கணுமா? மெத்தை உறைக்குள்ள இருந்ததையெல்லாம் பாத்தேன், எனக்கே பயமாப் போச்சு." குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனோம், முந்நூறு அடிக்கு இருபது நிமிடம் ஆனது. லூவிடம் அவளே நேராகச் சொன்னாள், கத்தரிக்காய் வாங்குவது மாதிரி, "எனக்கு ஒரு படம் போடணும்டி, பன்னெண்டு அங்குலம், கலர்ல போடு, கறுப்பு வெள்ளை வேண்டாம், செத்த பிறகு எதுக்கு இன்னும் சோகமா இருக்கணும்." அந்த வாயாடி லூ கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு வேண்டாம் அக்கா என்றாள். "ஓசில தொங்க நான் என்ன காலண்டரா? எவ்வளவு சொல்லு," என்றாள் அம்மா. சட்டத்தோடு நாற்பத்தைந்து யுவான். எண்ணி மேஜையில் வைத்தாள்.

என்னுடைய அல்லிக்குளப் படத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள், வெயிலில் கண்ணைச் சுருக்கியிருக்கிறாளாம். போனில் தேடித் தேடி ஒன்றை எடுத்துக் காட்டினாள். நீ முதல் தடவை கிளம்பிப் போனபோது விமான நிலையத்தில் எடுத்தது, நீ பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து காதில் என்னவோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். லூ அதைத் திரையில் பெரிதாக்கி அம்மாவை மட்டும் தனியாக வெட்டினாள். நீ போய்விட்டாய். ஆனால் அம்மாவின் இடது தோளில் உன் நாலு விரல் மட்டும் மிச்சமாக நின்றது, நகத்தில் நீலப் பூச்சோடு. தனி ஆள் படத்தில் இன்னொருத்தர் விரல் இருக்கக் கூடாது, அதுவும் இந்தப் படத்தில், உயிரோடு இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஆகும் என்று லூ பதறினாள், அதை அழித்துச் சட்டைத் துணியை வரைந்துவிடுகிறேன், அதற்கு வழக்கமாக வாங்கும் பத்து யுவான்கூட வேண்டாம் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரைக்குக் கிட்டத்தில் போய் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அழிக்காத. அவதான் வர முடியாது. அவ விரலாவது இருக்கட்டும்," என்றாள். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள், நோய் வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் அழுதாள், உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

அதனால் நான் சத்தியத்தை உடைக்கிறேன். அவள் என்னைத் திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும், தட்டைத் தூக்கி எறியட்டும், எறிவதற்குக் கையில் பலம் இருக்கும்போதே எறியட்டும். காகிதம் போனால் போகிறது யாயா. இன்னொரு ஆறு வருடம் ஆகட்டும், நான் பணம் தருகிறேன், இல்லாவிட்டால் நீ இங்கேயே இரு, எனக்கு வேறு யோசனை எதுவும் ஓடவில்லை, மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. எனக்குத் தனியாக இது முடியவில்லை. வா. கடிதம் கிடைத்ததும் வீட்டுக்கு போன் பண்ணாதே, மாமாவுக்குப் பண்ணு, அவருக்கு எல்லாம் தெரியும், எந்த விமானம் என்று அவரிடம் சொல். என் பணத்தை அவர் உன் கணக்கில் போடுவார், விலை பார்த்து இரண்டு இடம் மாறிவருகிற டிக்கெட் எடுக்காதே, நேராக வருவதை எடு, எவ்வளவு ஆனாலும் சரி. உன் அப்பன் இதை எழுதுகிறான் என்றால் பார்த்துக்கொள்.

பத்திரமாக வந்துசேர், வழியில் பட்டினி கிடக்காதே, உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, எங்கள் ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் தேதி முடியவில்லையே என்று இப்போதே எடுத்துப் பார். இந்த உறைக்குள் படம் எதுவும் இருக்கும் என்று தேடாதே. லூ ஒரு சின்னப் பிரதி போட்டுக் கொடுத்தாள், யாயாவுக்கு அனுப்பு என்றாள், நான் வைக்கவில்லை. நீ அம்மாவை நேரில் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
தாவ் குவாங்ஷெங்